படைவீரன் கேட்ட வினா: ‘கிரீன் ஸோன்’ திரைப்படமும் ஈராக் போரின் வரலாறும்

2003ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், அமெரிக்காவும் பிரிட்டனும் தலைமையேற்ற கூட்டுப்படை ஈராக்கினுள் புகுந்தது. அந்நாட்டிடம் பேரழிவு ஆயுதங்கள் உள்ளன, அவை உலக அமைதிக்கு அச்சுறுத்தலாக இருக்கின்றன என்பதே அப்படையெடுப்புக்கு முதன்மையாகக் கூறப்பட்ட காரணம். மூன்று வாரங்களுக்குள், ஏப்ரல் 9ஆம் நாள், தலைநகர் பாக்தாத் வீழ்ந்தது. ஆயினும் எந்த ஆயுதங்களுக்காகப் போர் தொடுக்கப்பட்டதோ அவை அகப்படவில்லை. அவற்றைத் தேடச் சென்ற படைக்குழுக்கள் ஓரிடம் விட்டு ஓரிடம் அலைந்து வெறுங்கையுடன் திரும்பின.

அந்த வெறுங்கையிலிருந்து பிறந்த வினாவைக் கதையாக்கிக்கொண்ட ஆங்கிலத் திரைப்படம், 2010ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளியான ‘கிரீன் ஸோன்’. தம்மை அனுப்பிய அரசு எதற்காக அனுப்பியது என்று படைவீரர்களே கேட்கத் தொடங்கினால் என்ன நிகழும் என்பதே அதன் மையம். இக்கட்டுரையில் அப்படத்தை வரலாற்று ஆவணங்களோடு ஒப்பிட்டுக் காண முற்படுகிறோம். படம் என்ன சொல்கிறது, ஆவணங்கள் என்ன சொல்கின்றன, இரண்டும் வேறுபடும் இடங்களில் வரலாற்று மாணவர் எதைக் கற்கலாம் என்ற மூன்றும் நமது ஆய்வுப் பொருள்களாகும்.

படமும் அதன் மூலமும்

படத்தின் இயக்குநர் பால் கிரீன்கிராஸ் பிரிட்டனைச் சேர்ந்தவர். தொலைக்காட்சியில் புலனாய்வுச் செய்தியாளராகத் தம் பணியைத் தொடங்கியவர். வட அயர்லாந்தில் 1972இல் நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பற்றிய ‘பிளடி சன்டே’, 2001 செப்டம்பர் 11 தாக்குதலின்போது கடத்தப்பட்ட விமானத்தைப் பற்றிய ‘யுனைட்டட் 93’ ஆகியவற்றை எடுத்தவர். உண்மை நிகழ்ச்சியைக் கண்முன் நிகழ்வதுபோல் காட்டுவதில் தேர்ந்தவர் என்ற பெயர் அவருக்கு முன்னரே இருந்தது. கதைத்தலைவனாக நடித்த மாட் டேமன், அவருடன் ‘போர்ன்’ வரிசைப் படங்களில் பணியாற்றிய நடிகர்.

‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழின் பாக்தாத் செய்திப் பிரிவுக்குத் தலைமை வகித்த ராஜீவ் சந்திரசேகரன் 2006இல் வெளியிட்ட நூலே படத்திற்குத் தூண்டுகோல். டைகிரிஸ் ஆற்றின் கரையில், உயர்ந்த சுவர்களுக்குள் அமைந்த பாதுகாப்பு வலயம் ஒன்றிலிருந்து அமெரிக்க அதிகாரிகள் ஈராக்கை ஆண்டார்கள். அவ்வலயத்தின் பெயரே படத்தின் தலைப்பு. சுவருக்கு உள்ளே நீச்சல் குளமும் குளிரூட்டப்பட்ட அறைகளும் இருந்தன. சுவருக்கு வெளியே மின்சாரமும் குடிநீரும் இல்லாமல் மக்கள் தவித்தார்கள். அந்நூல் இந்த ஆட்சிமுறையை விவரிப்பது. அதில் துப்பறியும் கதை எதுவும் இல்லை. படமோ நூலின் சூழலை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன்மேல் கற்பனையான விறுவிறுப்புக் கதை ஒன்றைக் கட்டியது. இவ்வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்வது நலம்.

படம் சொல்லும் கதை

ராய் மில்லர், ஆயுதங்களைத் தேடும் குழு ஒன்றின் தலைவன். உளவுத் தகவலின்படி அடையாளமிடப்பட்ட இடங்களுக்கு உயிரைப் பணயம் வைத்துச் செல்கிறான். சென்ற இடமெல்லாம் வெறுமை. இத்தகவல்களைத் தந்தவர் யார் என்று அதிகாரிகள் கூட்டத்தில் அவன் எழுந்து கேட்கும்போது, கொடுத்த வேலையைப் பார் என்ற பொருளிலேயே விடை வருகிறது. அங்கிருந்து கதை விரைகிறது. ‘மெகல்லன்’ என்ற மறைபெயர் கொண்ட ஒருவரே எல்லாத் தகவலுக்கும் ஊற்று என அவன் அறிகிறான். அவர் ஈராக்கியத் தளபதி அல்-ராவி. போருக்கு முன் ஜோர்தானில் அமெரிக்க அதிகாரி பவுண்ட்ஸ்டோனைச் சந்தித்தபோது, ஆயுதங்கள் யாவும் முன்னரே அழிக்கப்பட்டுவிட்டன என்றே அத்தளபதி கூறியிருந்தார். அதிகாரியோ ‘இல்லை’ என்ற விடையை ‘உண்டு’ என்று மாற்றித் தலைநகருக்கு அனுப்பினார். செய்தியாளர் ஒருவரும் அதை நம்பி எழுதினார்.

இறுதியில் மில்லர் தான் கண்டறிந்ததை அறிக்கையாக எழுதி, பல செய்தியாளர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறான். போர் தொடங்கியபின் அதன் காரணத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்பது பவுண்ட்ஸ்டோனின் நிலை. காரணம் எந்நாளும் முக்கியமானது என்பது மில்லரின் நிலை. இவ்விரு நிலைகளின் மோதலே படத்தின் உயிர்.

ஆயுதம் தேடும் குழு ஒன்றை ஈராக்கில் உண்மையாகவே வழிநடத்திய அதிகாரி ஒருவர் படத்திற்கு இராணுவ ஆலோசகராக இருந்தார். ஆகவே தேடலும் ஏமாற்றமும் படத்தில் மெய்ம்மையோடு அமைந்துள்ளன. ஆனால் ‘மெகல்லன்’ என்ற பாத்திரமும், விடையைத் தலைகீழாக்கிய தனி அதிகாரியும் கற்பனை.

ஆவணங்கள் சொல்லும் கதை

ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் பாதுகாப்பு மன்றம் 2002 நவம்பர் 8ஆம் நாள் 1441ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. அதன்படி ஹான்ஸ் பிலிக்ஸ் தலைமையிலான ஆய்வாளர்கள் ஈராக்கில் ஏறத்தாழ 700 ஆய்வுகளை மேற்கொண்டனர். ஈராக்கின் ஒத்துழைப்பில் குறைகள் இருந்ததை அவர்கள் சுட்டினர். எனினும் ஆயுதக் குவியல் எதையும் அவர்கள் காணவில்லை. பணி முடியுமுன்னரே, போர் நெருங்கியதால், மார்ச் 18இல் அவர்கள் வெளியேற நேர்ந்தது.

இதற்கிடையே 2003 பிப்ரவரி 5ஆம் நாள், அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் பாதுகாப்பு மன்றத்தின் முன் தம் நாட்டின் சான்றுகளை அடுக்கினார். அவற்றுள் மிகவும் பேசப்பட்டது, கனரக வாகனங்களில் ஏற்றப்பட்ட நடமாடும் உயிரியல் ஆயுதக் கூடங்கள் பற்றிய செய்தி. அச்செய்தியின் முதன்மை ஊற்று ‘கர்வ்பால்’ என்ற மறைபெயர் கொண்ட ஒருவர். ஈராக்கிலிருந்து வெளியேறி ஜெர்மனியில் அடைக்கலம் தேடிய வேதியியல் பொறியாளர் அவர். ஜெர்மானிய உளவுத்துறையே அவரை விசாரித்து வந்தது. அமெரிக்க உளவு அமைப்பு போருக்கு முன் அவரைத் தானே விசாரித்து அறியவில்லை. பின்னாளில், 2011இல், தாம் சொன்னது பொய் என்று அவரே பிரிட்டிஷ் நாளிதழ் ஒன்றிடம் ஒப்புக்கொண்டார்.

போருக்குப் பின் அமைக்கப்பட்ட ஈராக் ஆய்வுக் குழுவின் முதல் தலைவர் டேவிட் கே, 2004 ஜனவரியில் செனட் குழுவின் முன் தோன்றி, தாம் உட்பட ஏறத்தாழ எல்லாரும் தவறாகக் கணித்துவிட்டதாகத் தெரிவித்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற சார்ல்ஸ் டியூல்ஃபர் அதே ஆண்டு இறுதி அறிக்கையை அளித்தார். 1991 வளைகுடாப் போருக்குப் பிந்திய ஆண்டுகளிலேயே ஈராக்கின் ஆயுதக் குவியல்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்பது அதன் முடிவு. பழைய இரசாயனக் குண்டுகளின் எச்சங்கள் ஆங்காங்கே கிடைத்தனவே தவிர, போருக்குக் காரணமாகக் காட்டப்பட்ட திட்டங்கள் இருக்கவில்லை. தடைகள் நீங்கினால் அத்திட்டங்களை மீண்டும் தொடங்கும் எண்ணம் சதாம் உசேனுக்கு இருந்தது என்றும், ஈரானுக்கு அஞ்சி, தம்மிடம் ஆயுதம் உண்டோ இல்லையோ என்ற ஐயத்தை அவர் வேண்டுமென்றே நிலவவிட்டார் என்றும் அவ்வறிக்கை கூறுகிறது.

இங்கே படமும் வரலாறும் பிரிகின்றன. படத்தில் ஒருவர் ‘இல்லை’ என்றார்; அதிகாரி அதை மறைத்தார். வரலாற்றிலோ ஒருவர் ‘உண்டு’ என்று பொய்யுரைத்தார். நம்ப விரும்பியவர்கள் அதை நம்பினார்கள். 2004 ஜூலையில் வெளியான செனட் உளவுக் குழுவின் அறிக்கை, உளவு மதிப்பீட்டின் முதன்மை முடிவுகளில் பெரும்பாலானவை மிகைப்படுத்தப்பட்டவை அல்லது சான்றுகளால் தாங்கப்படாதவை எனக் கண்டது. அதே சமயம், முடிவை மாற்றும்படி ஆய்வாளர்கள் வற்புறுத்தப்பட்டதற்குச் சான்றில்லை என்றும் அது குறித்தது. பிரிட்டனில் சர் ஜான் சில்காட் தலைமையிலான விசாரணை 2016 ஜூலை 6ஆம் நாள் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அமைதி வழிகள் யாவும் தீர்ந்துபோவதற்கு முன்னரே போர் தொடங்கப்பட்டது என்றும், ஆயுதங்களைப் பற்றிய கணிப்புகள் தமக்குத் தகாத உறுதியோடு மக்கள்முன் வைக்கப்பட்டன என்றும் அது முடிவு கூறியது.

‘இருக்கலாம்’ என்பது ‘இருக்கிறது’ ஆயிற்று. ஆய்வாளரின் குறிப்பில் இருந்த ஐயம், மேலே செல்லச்செல்லத் தேய்ந்து, மேடைப்பேச்சில் முற்றிலும் மறைந்தது. ஒரு சொல்லின் ஈற்று மாற்றம் ஒரு நாட்டின் தலைவிதியை மாற்றியது என்றால் மொழி கற்பிப்போர் அதைக் கருத்தில் கொள்ளாமல் இருக்க முடியாது.

ஒற்றரின் சொல்லும் ஆள்வோரின் கடமையும்

நம் இலக்கியத்தில் ஆட்சியியல் பேசும் நூல் திருக்குறள். அதன் பொருட்பாலில் ‘ஒற்றாடல்’ என்று ஓர் அதிகாரமே உண்டு. ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்றும், ஒருவரையொருவர் அறியாதபடி ஆளப்பட்ட மூவரின் சொற்கள் ஒத்திருந்தால் மட்டுமே தெளியலாம் என்றும் வள்ளுவர் அங்கே விதி வகுக்கிறார்.

நடமாடும் கூடங்களைப் பற்றிய செய்தியை இவ்விதியால் அளந்து பார்க்கலாம். பவலின் உரையில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊற்றுகள் குறிப்பிடப்பட்டன. ஆனால் பின்னர் நடந்த விசாரணைகளில், செய்தியின் பெரும்பகுதி ஒருவரையே சார்ந்திருந்தது என்பதும், உறுதிப்படுத்தியதாகக் காட்டப்பட்ட மற்றொருவர் நம்பத்தகாதவர் என்று முன்னரே அமெரிக்க இராணுவ உளவுப் பிரிவால் குறிக்கப்பட்டவர் என்பதும் தெரியவந்தன. மூவர் வேண்டிய இடத்தில் ஒருவரே நின்றார். அவரையும் தீர்ப்புச் சொன்னவர்கள் கண்டதில்லை.

செய்தித்துறையும் இதற்கு விலக்கில்லை. ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ் 2004 மே 26ஆம் நாள், போருக்கு முந்திய தன் செய்திகள் சிலவற்றில் போதிய கண்டிப்புக் காட்டப்படவில்லை என்று ஆசிரியர் குறிப்பு வெளியிட்டது. படத்தில் வரும் செய்தியாளர் பாத்திரம் இப்பின்னணியில் உருவானது.

கலைக்கப்பட்ட படை

படத்தின் மிக வலிய காட்சிகளுள் ஒன்றில், ஈராக்கியப் படை கலைக்கப்பட்டது என்ற அறிவிப்பைத் தொலைக்காட்சியில் தளபதிகள் கேட்கிறார்கள். அமெரிக்கர்கள் தம்மோடு பேச வருவார்கள் எனக் காத்திருந்த அல்-ராவி அக்கணமே போரிட முடிவு செய்கிறார்.

இக்காட்சிக்கு உறுதியான வரலாற்று அடிப்படை உண்டு. 2003 மே மாதம் பாக்தாத் வந்திறங்கிய அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர், மே 16ஆம் நாள் முதல் ஆணையின்வழி பாத் கட்சியின் மேல்மட்ட உறுப்பினர்களை அரசுப் பணிகளிலிருந்து நீக்கினார். மே 23ஆம் நாள் இரண்டாம் ஆணையின்வழி ஈராக்கின் இராணுவத்தையே கலைத்தார். ஆயுதப் பயிற்சி பெற்ற 300,000க்கும் மேற்பட்டோர் ஊதியமும் மதிப்பும் இழந்து தெருவில் நின்றார்கள். கட்சி உறுப்பியம் பதவிக்கு நிபந்தனையாக இருந்த அந்நாட்டில், நீக்கப்பட்டோருள் ஆசிரியர்களும் அடங்குவர் என்பதை இங்குள்ள ஆசிரியர்கள் கவனிக்கலாம். அடுத்த ஆண்டுகளில் மூண்ட கிளர்ச்சிக்கு இவ்விரு ஆணைகளும் பெருங்காரணங்கள் எனப் பல வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். படம் காலத்தைச் சுருக்கிக் காட்டினாலும் காரணகாரியத் தொடர்பைச் சரியாகவே பிடித்திருக்கிறது.

வினவிய வீரர்கள்

மில்லரைப் போல் உண்மையில் வினவியவர்கள் உண்டா? உண்டு. அவர்களது கதை விறுவிறுப்பு குறைந்தது, விலை மிகுந்தது. அமெரிக்கத் தரைப்படையின் லெஃப்டினன்ட் எஹ்ரன் வடாடா, ஈராக் போர் சட்டத்திற்குப் புறம்பானது என்று கூறி 2006இல் அங்குச் செல்ல வெளிப்படையாக மறுத்தார். ஆப்கானிஸ்தானுக்குச் செல்ல அவர் அணியமாக இருந்தார். 2007 பிப்ரவரியில் நடந்த இராணுவ நீதிமன்ற விசாரணை முடிவின்றிக் கைவிடப்பட்டது. ஒரே குற்றத்திற்கு இருமுறை விசாரிக்கலாகாது என்ற தடை குறுக்கிட, 2009இல் அவர் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். பிரிட்டிஷ் விமானப்படையின் மருத்துவர் மால்கம் கெண்டல்-ஸ்மித்தும் இவ்வாறே மறுத்து, 2006இல் எட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

படைவீரன் தனக்கு இடப்பட்ட ஆணையை எந்த அளவு வினவலாம்? இதற்கு எளிய விடை இல்லை. போர்க்களத்தில் குற்றம் புரியும்படி ஆணையிடப்பட்டால், ‘மேலிடத்து உத்தரவு’ என்பது காப்பாகாது என்பதை நியூரம்பெர்க் விசாரணைகள் நிலைநாட்டின. ஆனால் போரே நியாயமானதா என்பதை ஒவ்வொரு வீரனும் தன்னளவில் முடிவு செய்யத் தொடங்கினால், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்குப் படை கட்டுப்பட்டிருத்தல் என்னும் நெறி தளரும். கட்டுப்படாத படையின் ஆபத்தை இருபதாம் நூற்றாண்டின் இராணுவப் புரட்சிகள் பலவற்றில் உலகம் கண்டிருக்கிறது. ஆகவே வடாடாவைப் போற்றுவோரும் உளர், பழிப்போரும் உளர். இரு தரப்பின் வாதத்திலும் பொருள் உண்டு.

நாம் கருதுவது இது: படைவீரன் அவ்வினாவைக் கேட்க நேர்வதே மற்றவர்கள் அதைக் கேட்கத் தவறியதன் அறிகுறி. கேட்க வேண்டிய முறைப்படி அவன் கடைசியில் நிற்பவன். அவனுக்கு முன் உளவு ஆய்வாளர், அமைச்சர், சட்டமன்ற உறுப்பினர், செய்தியாளர், குடிமகன் என நீண்ட வரிசை இருக்கிறது. 2002 அக்டோபரில் அமெரிக்க செனட் 77க்கு 23 என்ற வாக்குகளில் போருக்கு அதிகாரம் அளித்தது. 2003 மார்ச் 18இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்களவை 412க்கு 149 என்ற வாக்குகளில் ஒப்புதல் தந்தது. அதற்கு முந்தைய நாள் ராபின் குக் அமைச்சரவையிலிருந்து விலகித் தம் ஐயங்களை அவையில் வெளிப்படையாகச் சொன்னார். வினா எழாமல் இல்லை. எழுப்பியவர்கள் சிறுபான்மையினராக இருந்தார்கள். மேலே விடை காணாத வினா படிப்படியாகக் கீழிறங்கி, பாலைவனத்தில் வெறும் கிடங்கின் வாயிலில் நின்ற வீரனிடம் வந்து சேர்ந்தது. அப்போது அதற்கு விடை கிடைத்தும் போரைத் தடுக்க இயலாத காலமாயிற்று.

மண்ணின் குரல்

படத்தில் ஃப்ரெடி என்றழைக்கப்படும் ஈராக்கியர் ஒருவர் வருகிறார். ஈரானுடனான போரில் ஒரு காலை இழந்தவர். மில்லருக்குத் தகவல் தருபவரும் மொழிபெயர்ப்பவரும் அவரே. தளபதியை உயிரோடு பிடித்து உண்மையை வெளிக்கொணர மில்லர் முயலும்போது, ஃப்ரெடி தளபதியைச் சுட்டுவிடுகிறார். இந்நாட்டில் நடப்பதை முடிவு செய்ய வேண்டியவர் நீர் அல்லர் என்பதே அவர் மில்லருக்குக் கூறுவதன் சாரம்.

மில்லர் தன் அரசின் நோக்கத்தை வினவுகிறான். ஃப்ரெடியோ மில்லரின் நல்லெண்ணத்தையும் சேர்த்தே வினவுகிறார். அமெரிக்கர்களுக்கு இப்போர் உளவுத் தவறாகவோ அரசியல் விவாதமாகவோ இருக்கலாம். ஈராக்கியர்களுக்கு அது வீடும் தெருவும் உறவும் அழிந்த நிகழ்ச்சி. 2003 முதல் 2011 வரை ஏறத்தாழ 4,500 அமெரிக்க வீரர்களும் 179 பிரிட்டிஷ் படையினரும் உயிரிழந்தனர். உயிரிழந்த ஈராக்கியப் பொதுமக்களின் எண்ணிக்கை, பதிவானவற்றை மட்டும் கூட்டினாலும் 100,000ஐத் தாண்டுகிறது. அப்படியிருந்தும் இப்போரைப் பற்றிய ஆங்கிலப் படங்களில் பெரும்பாலானவை அமெரிக்க வீரனின் மனக்காயத்தையே பேசுகின்றன. ‘கிரீன் ஸோன்’ படமும் அவனையே கதைத்தலைவனாகக் கொண்டது; என்றாலும் உச்சக்கட்டத்தில் முடிவெடுக்கும் உரிமையை ஓர் ஈராக்கியரிடம் தருகிறது.

வகுப்பறைக்குச் சில சிந்தனைகள்

இப்போர் நமக்கு முற்றிலும் தொலைவானதன்று. சிங்கப்பூர் ஆயுதப்படை 2003 முதல் 2008 வரை, ஈராக்கின் மறுசீரமைப்புக்கு ஆதரவாகத் தரையிறங்கு கப்பல்களையும் விமானங்களையும் வளைகுடாப் பகுதிக்கு அனுப்பியது. மேலும், தேசிய சேவை நடைமுறையில் உள்ள நாட்டில், வகுப்பறையில் அமர்ந்திருக்கும் இளையர் பலர் சில ஆண்டுகளில் சீருடை அணியவிருப்பவர்கள். படைவீரனின் கடமை எது, குடிமகனின் கடமை எது என்னும் வினாக்கள் அவர்களுக்கு வெறும் தேர்வு வினாக்கள் அல்ல.

இப்படத்தைப் பாடத்திற்குத் துணையாகக் கொள்ளும் ஆசிரியர்கள் மூன்று பயிற்சிகளைச் செய்து பார்க்கலாம். முதலாவது, படத்தின் நிகழ்ச்சிகளை மெய், சுருக்கம், கற்பனை என மூன்றாகப் பகுக்கச் செய்தல். ஆயுதத் தேடல் மெய், படைக் கலைப்பின் காலநிரல் சுருக்கம், ‘மெகல்லன்’ கற்பனை. இரண்டாவது, ‘இருக்கலாம்’, ‘இருக்கக்கூடும்’, ‘ஐயமின்றி இருக்கிறது’ ஆகிய தொடர்களின் உறுதிநிலையை ஒப்பிட்டு, ஒரு கூற்றின் ஐயம் எவ்விடத்தில் உதிர்கிறது எனக் கண்டறியச் செய்தல். மூன்றாவது, இதே கதையை ஃப்ரெடியின் பார்வையில் எழுதச் செய்தல். அப்போது மாணவர்கள் தம் நல்லெண்ணத்தின் எல்லையையும் உணர்வார்கள்.

திரைப்படத்திற்கு ஒரு தீயவன் தேவைப்படுகிறான். அவனை வெளிப்படுத்தினால் கதை முடிந்துவிடும். பார்வையாளர் நிறைவோடு வீடு திரும்பலாம். வரலாறு அத்தகைய ஆறுதலைத் தருவதில்லை. பவுண்ட்ஸ்டோன் ஒருவரே பொய்யராக இருந்திருப்பின் அவரை நீக்கினால் போதும். பலர் தத்தம் நாற்காலியில் அமர்ந்து, தமக்குக் கீழிருந்து வந்த ஐயத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து மேலே அனுப்பியிருந்தால் அதைத் திருத்துவது கடினம். அத்தகைய தவறு எந்நாட்டிலும், எந்த அலுவலகத்திலும், நேர்மையானவர்கள் நடுவிலும் நிகழக்கூடியது.

ஆகவே, ‘இதை எப்படி அறிந்தீர்கள்?’ என்று கேட்கும் பழக்கத்தை இளையரிடம் வளர்ப்பது வரலாற்றுப் பாடத்தின் தலையாய பணி என்கிறோம். அவ்வினாவைப் பணிவோடும் உறுதியோடும் கேட்கத் தெரிந்த குடிமக்கள் மிகுந்த நாட்டில், அதைத் துப்பாக்கி ஏந்திய வீரன் தனியே நின்று கேட்க வேண்டிய நிலை அரிதாகவே வரும்.